பள்ளிக்குப் பின் எங்கே?

மாணவ நண்பர்களே, பள்ளி இறுதி வகுப்பை முடிக்கும் நாளில் உங்கள் ஒவ்வொருவரிடமும் வீட்டாரும் அயலாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்பதே அது. பலர் கேட்கக் கேட்க உங்களுக்குச் சலிப்பும் தோன்றலாம். ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு மதிப்பு மறைந்திருக்கிறது. உனக்கு ஓர் எதிர்காலம் உண்டு என்று நம்புகிறவர்தாம் உன்னிடம் அவ்வாறு கேட்பர். அந்தக் கேள்வியை எவருமே கேளாத இளைஞரும் இவ்வுலகில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அறிவுசார் குறைபாட்டுடன் பிறந்தவர்களைச் சொல்கிறேன். அவர்களும் ஒரு தொழிலைக் கற்று, ஊதியம் பெற்று, தம் காலில் நிற்க முடியும் என்னும் எண்ணம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இவ்வரலாறு பிரெஞ்சு நாட்டில் தொடங்குகிறது. 1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள அவேரோன் மாவட்டத்தில், காட்டில் தனியே திரிந்த சிறுவன் ஒருவன் ஊர்மக்களிடம் வந்து சேர்ந்தான். அவன் பேசவில்லை, நம்மைப் போன்ற பழக்கவழக்கங்களும் அவனிடம் இல்லை. அவனைப் பாரிஸ் நகரத்திற்குக் கொண்டு வந்தனர். அங்கே செவிகேளாதோர் பள்ளியில் பணிபுரிந்த இத்தார் என்னும் இளம் மருத்துவர் அவனுக்குக் கற்பிக்க முன்வந்தார். விக்டர் என்று பெயரிட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் அவனோடு பாடுபட்டார். பேச வைக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கம். விக்டரோ பேசவில்லை. முயற்சி தோற்றதென்றே பலரும் முடிவு செய்தனர்.

ஆனால் இத்தார் எழுதி வைத்த அறிக்கைகளை இன்று நிதானமாகப் பார்ப்போர்க்கு வேறொரு செய்தி கிடைக்கிறது. விக்டரைப் பேணிய கெரேன் அம்மையாரின் வீட்டில் உணவு மேசையில் தட்டுகளை எடுத்து வைப்பது அவன் வேலை. விறகு அறுப்பதில் அவனுக்குத் தனி விருப்பம். வாள் உள்ளே இறங்க இறங்க அவன் மேலும் முனைந்து இழுப்பான். கட்டை இரண்டாகப் பிளக்கும் நேரத்தில் மகிழ்ச்சியால் துள்ளுவான். உழைப்பும், உழைப்பின் முடிவைக் கண்டு மகிழும் மனமும் அவனிடம் இருந்தன. அவற்றையெல்லாம் இத்தார் பார்த்தார். நேர்மையாகப் பதிந்தும் வைத்தார். ஆனால் அவன் வாயிலிருந்து எதிர்பார்த்த சொல் வராமையால், கையில் இருந்த திறமை அக்காலத்தார் கணக்கில் ஏறாமல் போயிற்று. விக்டர் 1828-இல், அந்த அம்மையாரின் வீட்டிலேயே காலமானான்.

இத்தாரின் மாணவர் எடுவார்டு செகேன் என்பவர். அவர் ஆசானின் பணியை மேலும் வளர்த்தார். முதலில் தசைக்கும் புலன்களுக்கும் பயிற்சி, பிறகு எழுத்தும் எண்ணும், அதன்பின் பயனுள்ள தொழில் என்று ஒரு முறையை வகுத்தார். பின்னர் அவர் அமெரிக்காவிற்குச் சென்று குடியேறினார். அந்நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சாமுவேல் ஹவ் என்னும் பெருந்தகை 1848-இல் இத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். சில ஆண்டுகள் பயிற்றுவித்து, பிள்ளைகளை வீட்டிற்கும் ஊருக்கும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அவர் கருத்து. குறையுடையோரை ஓரிடத்தில் கூட்டமாகக் குவித்து வைத்தல் தகாது என்றும் 1866-இல் ஒரு மேடையில் அவர் எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை. பயிற்சி பெற்ற இளைஞனுக்கு வெளியே வேலை கொடுப்பார் இல்லை. நிறுவனத்திற்கு உள்ளேயோ வேலைக்குக் குறைவில்லை. வயலில் உழவும், சலவைக்கூடத்தில் துணி வெளுக்கவும், தன்னைவிட இயலாதவரைத் தூக்கிக் குளிப்பாட்டவும் அவன் தேவைப்பட்டான். நன்றாக வேலை செய்பவனை வெளியே அனுப்ப நிறுவனத்திற்கு மனமில்லை. பள்ளிகளாகத் தோன்றியவை ஆயிரக்கணக்கானோர் அடைபட்டுக் கிடக்கும் மாளிகைகளாயின. உள்ளே நாள் முழுதும் உழைத்தவனையே, வெளியே உழைக்கத் தகுதியற்றவன் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தகைய உழைப்பிற்கும் நாட்டின் ஊதியச் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது 1973-இல்தான்!

இந்நிலையில் ஒரு பள்ளி ஆசிரியர் அரங்கிற்கு வருகிறார். அவர் பெயர் மார்க் கோல்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இத்தகைய மாணவர்க்குக் கற்பித்தவர். பின்னர் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். அந்நாளில் இவ்விளைஞர்களுக்கென்று தனித் தொழிற்கூடங்கள் இருந்தன. உறையில் தாளை மடித்து வைத்தல், பொருள்களை எண்ணிப் பையில் இடுதல் போன்ற எளிய வேலைகளே அங்கே பெரும்பாலும் தரப்பட்டன. அதற்கு மேல் அவர்களால் இயலாது என்பது பொதுவான நம்பிக்கை. கோல்டு அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முனைந்தார்.

அவர் தேர்ந்துகொண்ட பொருள் மிதிவண்டியின் பிரேக். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டியை நிறுத்துகின்ற, பின்சக்கரத்தின் குடத்திற்குள் அமைந்த வகை அது. அதில் 15 உறுப்புகள் உண்டு. ஒன்றன் முறை மாறினாலும், ஒன்றைத் தலைகீழாக வைத்தாலும் பொருத்த இயலாது. கல்லூரியில் பயிலும் நீங்களும் முதன்முறை பார்த்தால் திகைப்பீர்கள். அதனைப் பொருத்தக் கற்பிக்க, நான்கு தொழிற்கூடங்களிலிருந்து 64 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் நடுத்தர நிலையிலும் கடும் நிலையிலும் அறிவுசார் குறைபாடு உடையவர்கள்.

அவர் கற்பித்த முறையைக் கவனியுங்கள். வேலையை மிகச் சிறிய படிகளாகப் பகுத்தார். உறுப்புகளை வரிசை பிசகாமல் தட்டின் அறைகளில் வைத்தார். சிலர்க்கு, ஒவ்வோர் உறுப்பிலும் மேல்நோக்கி இருக்க வேண்டிய பக்கத்தில் வண்ணம் பூசித் தந்தார். விளக்கவுரை ஏதும் நிகழ்த்தவில்லை. செய்து காட்டினார், தேவையானபோது கையைப் பிடித்து வழிகாட்டினார். பிழை நேர்ந்தால், "வேறு விதமாகச் செய்து பார்" என்ற பொருள்பட ஒரு சொல் மட்டுமே சொன்னார். திட்டவில்லை, அளவு மீறிப் புகழவும் இல்லை. ஏறத்தாழ அனைவரும் அந்தப் பிரேக்கைப் பொருத்தக் கற்றனர். வண்ணம் பூசிய உறுப்புகளோடு பயின்றவர் விரைவில் கற்றனர். 24 உறுப்புகள் கொண்ட வேறொரு பிரேக்கும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது, அதையும் பொருத்தினர். இவ்வாய்வு 1972-இல் வெளியாயிற்று.

இதிலிருந்து கோல்டு பெற்ற முடிவு ஆசிரியர் உலகை உலுக்கியது. மாணவன் கற்கவில்லையெனில், கற்பிக்கும் வழியை ஆசிரியன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே பொருள் என்றார் அவர். பிறர்க்குப் பயன்படும் திறமை ஒருவனிடம் மிகுந்திருந்தால், அவனிடமுள்ள வேறுபாடுகளை உலகம் பொறுத்துக்கொள்ளும் என்பதும் அவர் கொள்கை. அவர் 1982-இல், நாற்பத்து மூன்று வயதிற்குள்ளாகவே மறைந்தார்.

அதற்குள் சட்டமும் நகரத் தொடங்கியிருந்தது. குறையுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உண்டு என்று அமெரிக்கா 1975-இல் சட்டம் இயற்றியது. அப்பிள்ளைகள் வளர்ந்து பள்ளியை விட்டு வெளியேறியபோது ஒரு புதிய துயரம் வெளிப்பட்டது. பள்ளி வரையில் பாதை போடப்பட்டிருந்தது. பள்ளிக்கு அப்பால் பாதையே இல்லை. படித்த பிள்ளை வீட்டிற்குள் முடங்கினான். பள்ளிக்கும் தொழில் வாழ்விற்கும் இடையே பாலம் வேண்டும் என்னும் கருத்தை 1984-இல் அந்நாட்டின் கல்வித் துறையே முன்வைத்தது. முதலில் பயிற்சி, முடிந்த பிறகு வேலை என்னும் பழைய முறை தலைகீழாயிற்று. இளைஞனை உண்மையான ஒரு பணியிடத்தில் ஊதியத்தோடு அமர்த்துவர். துணைக்கு ஒரு பயிற்றுநர் உடன் சென்று அங்கேயே வேலையைக் கற்றுத் தருவார். இளைஞன் தேறத் தேற அவர் சிறிது சிறிதாக விலகிக்கொள்வார். பேருந்தில் ஏறி இறங்குவதையும் பணத்தை எண்ணுவதையும் கூட இவ்வாறே படிப்படியாகக் கற்பித்தனர். 1986-இல் இம்முறைக்கு அரசின் பொருளுதவி கிடைத்தது. பள்ளியில் படிக்கும்போதே, பிந்தினால் பதினாறு வயதிற்குள், பின்வாழ்விற்கான திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று 1990-இல் சட்டமே விதித்தது.

நம் நாட்டின் செய்தி என்ன? 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு இட ஒதுக்கீடு அளித்தது. பார்வை, செவி, உடலியக்கம் ஆகியவற்றில் குறையுடையோர்க்கே அது கிடைத்தது. அறிவுசார் குறைபாடுடையோர் அதில் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கி, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உடையோரையும் அதற்குள் கொண்டு வந்தது. "இவர்களும் உழைப்பவர்களே" என்று சட்டம் ஒப்புக்கொள்ள இத்துணைக் காலம் ஆயிற்று.

இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாணவன் நினைவிற்கு வருகிறான். நான் ஆசிரியப் பணியில் புகுந்த சில ஆண்டுகளில் என் வகுப்பில் இருந்தவன். எழுத்துக் கூட்டிப் படிக்க அவனால் இயலவில்லை. ஆனால் பள்ளித் தோட்டத்தில் எந்தச் செடிக்கு அன்று தண்ணீர் விட்டாயிற்று, எதற்கு விடவில்லை என்பதை அவன் ஒருநாளும் மறந்ததில்லை. அவன் தந்தையை அழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னவன் நான்தான். பயிற்சிக் கல்லூரியில் முறையாகக் கற்று வந்தவன் என்ற பெருமிதத்தோடு சொன்னேன். தோட்டத்தைப் பார்த்தேன், தோட்டக்காரனைப் பார்க்கவில்லை. விக்டர் விறகு அறுத்ததைக் கண்டும் கணக்கில் கொள்ளாதவர்களைக் குறைகூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை ஆசிரியராவீர்கள், சிலர் கடையோ தொழிற்சாலையோ நடத்துவீர்கள், சிலர் அதிகாரிகளாவீர்கள். சட்டம் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே அழைத்து, அருகில் நின்று, வேலையைப் படிப்படியாகக் காட்டித் தருவது மனிதர் செய்ய வேண்டிய காரியம். அதற்கு முன்னர், இன்றே உங்களால் ஒன்று செய்ய முடியும். உங்கள் தெருவிலோ உறவிலோ அத்தகைய இளைஞன் ஒருவன், இளம்பெண் ஒருத்தி இருந்தால், அவரைப் பற்றிப் பெற்றோரிடம் இரக்கத்தோடு விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவரிடமே சென்று, உங்களைப் பிறர் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" விடை வரத் தாமதமாகலாம், சொல்லாக வராமல் செயலாகவும் வரலாம். பொறுமையோடு காத்திருந்து கவனியுங்கள்.