இச்சி, நி, சான்

தாத்தாவுக்கு ஆங்கிலம் வராது. ஜப்பான் மொழியில் பத்து வரை எண்ணுவார். சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். "தப்பா சொன்னா அறை விழும்யா" என்று சிரிப்பார்.

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றது. கெடா ஜப்பான்காரன் கைக்குப் போனது. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள். 1942ஆம் ஆண்டு 2602 ஆனது. திறந்திருந்த தமிழ்ப்பள்ளிகளிலும் நிப்பொங்கோ பாடம் நுழைந்தது. பிள்ளைகள் கத்தகானா எழுதினார்கள், பேரரசர் இருக்கும் திசை நோக்கிக் குனிந்தார்கள்.

இதையெல்லாம் வேடிக்கைக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தேன்.

1943இல் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ஏற்றினார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அக்டோபரில் பாதை முடிந்தது. அதே மாதம் கெடாவையே ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. போனவர்களில் பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. தாத்தாவின் அண்ணனும் திரும்பவில்லை.

அந்த முகாம்களில் போர்க்கைதிகள் வரிசையில் நின்று ஜப்பானிய எண்களில்தான் தங்களை எண்ணிச் சொல்ல வேண்டும் என்று பின்னாளில் படித்தேன். தாத்தாவிடம் சொன்னேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

"அண்ணன் பள்ளிக்கொடம் போனதில்ல. ரயிலு ஏறுறதுக்கு முந்துன ராத்திரி லயத்து வாசல்ல நான்தான் சொல்லிக் குடுத்தேன். அடி வாங்கக் கூடாதுன்னு. ஏழு வரைக்கும்தான் அவருக்கு வந்துச்சு."