சிறு சுமை வண்டி: பேட்டரி, பிரேக் பராமரிப்பு

ஏறத்தாழ முக்கால் டன் முதல் ஒன்றரை டன் வரை பாரம் ஏற்றும் நான்கு சக்கர வண்டிகளைச் சிறு சுமை வண்டி என்கிறோம். 2005-இல் டாடா நிறுவனம் கொண்டுவந்த ஏஸ் இவ்வகையில் முன்னோடி. ஊர் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. காஞ்சிபுரத்தில் ராஜாஜி மார்க்கெட்டின் காய்கறி மூட்டை, உற்சவப் பந்தல் சாமான், பிள்ளையார்பாளையத்துத் தறிச் சாமான் என எதை நகர்த்தவும் இவ்வண்டிகள்தான். இவற்றின் பேட்டரியையும் பிரேக்கையும் எப்போது பார்ப்பது என்பதற்குப் பொதுவில் கிலோமீட்டர் கணக்கையே நம்புகிறார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு அது சரி. ராஜ வீதிகளுக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அந்தக் கணக்கு போதாது. பருவத்தையும் ஓட்டத்தின் தன்மையையும் வைத்தே அதற்கு நாள் குறிக்க வேண்டும்.

காரணம் பேட்டரியிலேயே தெரியும். டீசல் என்ஜினை ஒருமுறை செல்ஃப் அடித்துக் கிளப்ப நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தேவை. எடுத்ததை ஆல்டர்னேட்டர் திருப்பித் தர வண்டி சற்று நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். கடைக்குக் கடை நின்று, ஒவ்வொரு முறையும் அணைத்துக் கிளப்பும் வண்டியில் செலவு தொடரும், வரவு குறையும். அரைகுறைச் சார்ஜிலேயே கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் திரும்பாது. இதன்மேல் வெயில் வேறு. வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொது விதி. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி காணும் ஊரில் அதை ஒதுக்க முடியாது. ஆகவே பேட்டரிக்கு உரிய மாதம் பங்குனி. இரவெல்லாம் ஓய்ந்த பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில் வாட்டர் மட்டுமே ஊற்றலாம். குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைசலால் கழுவி, வாசலின் தடவலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

பிரேக்குக்கு உரிய மாதம் புரட்டாசி, வடகிழக்குப் பருவமழைக்கு முன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே அந்த எல்லை 140-க்கு இறங்கும். முழுப் பாரம் ஏற்றிய ஏஸின் எடை வெறும் வண்டியின் எடையைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதே வேகத்தில் நிறுத்த பிரேக் தாங்கும் சூடும் இரு மடங்கு. அப்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பின்சக்கர டிரம்மைக் கழற்றி லைனிங் தேய்மானத்தையும் வீல் சிலிண்டரின் கசிவையும் பார்ப்பது இங்கே மிக முக்கியம். ரப்பர் உறையை விரலால் விலக்கும்போது ஈரம் பட்டால் ஆயில் கசிகிறது என்று பொருள்.

பேட்டரியும் பிரேக்கும் தனித்தனி வேலை என்ற எண்ணமும் தவறு. பல சிறு டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரே பெல்ட் தளர்ந்தால் சார்ஜும் குறையும், பெடலும் கட்டையாகும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம்: என்ஜினை அணைத்துப் பெடலை நான்கைந்து முறை மிதித்து, மிதித்தபடியே கிளப்புங்கள். பெடல் சற்றே இறங்கினால் வேக்குவம் சரியாக இருக்கிறது.

பராமரிப்பே தேவையில்லாத பேட்டரி வந்துவிட்டதே என்பார்கள். அதில் தண்ணீர் ஊற்றும் வேலைதான் இல்லை. டெர்மினல், சார்ஜிங் வோல்ட், வெப்பம் ஆகிய மூன்றும் அதற்கும் உண்டு. நல்ல உதிரிபாகம் கிடைப்பதில்லை என்பதும் ஏற்கத்தக்கதல்ல. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இரண்டுமே சென்னை பாடியில் வேர்கொண்டவை. ஒருநாள் வாடகை போகுமே என்ற கவலை நியாயமானது. தவணை கட்டும் ஓட்டுநருக்கு ஒருநாள் வருமானம் சிறிய தொகை அல்ல. ஆனால் வோல்ட், பெல்ட், பெடல் மூன்றையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும். டிரம் கழற்றும் வேலைக்கு மட்டுமே ஆண்டில் ஒரு பகல் வேண்டும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது எப்படியும் பார்த்துவிடுவோம் என்பதே பலரின் கடைசி வாதம். எட்டு ஆண்டு வரையான வண்டிக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். அந்த இடைவெளியில் இரண்டு ஐப்பசி மழை கடந்துவிடும்.