வைத்தியருக்கு முன்பட்டம் வேண்டுமா?

கல்முனையில் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவி, போதிய புள்ளி பெற்றால் நேரே மருத்துவபீடம் புகலாம். அமெரிக்க மாணவியோ முதலில் பெரும்பாலும் நான்காண்டு கற்று வேறொரு பட்டம் பெறவேண்டும். அதன் பின்னரே மருத்துவக் கல்லூரியின் வாயிலை அணுகலாம். பட்டம் பெற்று வருபவரே பண்பட்ட வைத்தியர் என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மாணாக்கரிடம் அவர் பட்டம் கேட்கவில்லை. கேட்டிருப்பினும் கிடைத்திராது, சென்னைச் சர்வகலாசாலை தோன்றியதே 1857 இல்தான். பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் போதித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றனர்.

கொழும்பு வைத்தியப் பாடசாலை 1870 இல் திறக்கப்பட்டது. வன்னியில் மக்கள் நோயால் அருகிவருவதைக் கண்டு, இந்நாட்டவருக்கே மேனாட்டு மருத்துவம் கற்பிக்கவேண்டும் என எடுத்துரைத்த ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் அதிபரானார். ஆக, இக்கல்வி பிறந்தது கிராமத்து நோயாளியின் தேவையில். பிற்காலத்தும் நாட்டுப்புற மருந்தகங்களைத் தாங்கியவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்ற அப்போதிக்கரிமாரே.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். 1893 இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி முன்பட்டத்தை நிபந்தனையாக்கியது. ஆயின் அது பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்தது என்பதையும் சொல்லாது விடலாகாது. 1910 இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். பணத்துக்குப் பட்டம் விற்ற போலிக் கல்லூரிகள் ஒழிந்தன, அது நன்மையே. ஆனால் கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் ஹவார்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. தரத்தின் பெயரால் எழுப்பிய மதில், எளியவரையும் வெளியே நிறுத்தியது.

நம் நாட்டிலும் இவ்வாயில் என்றும் நேராக இருந்ததில்லை. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி அதனைத் திறந்தது. 1971 இன் மொழிவாரித் தரப்படுத்தல், தமிழில் எழுதிய மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்டது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் மாவட்டங்களுள் அம்பாறையும் ஒன்று.

இத்தகைய கரையில் முன்பட்டம் எதைச் செய்யும்? மருத்துவப் படிப்பு ஐந்தாண்டு. உள்ளகப் பயிற்சி ஓராண்டு. உயர்தரப் பரீட்சையை இரண்டாம், மூன்றாம் முறை எழுதுவோரும் பலர். அதன்மேல் மேலும் நான்காண்டு எனின், மருதமுனை நெசவாளியின் மகன் முப்பதை எட்டியே முதற் சம்பளம் காண்பான். கட்டணம் இலவசமாகலாம், அவன் உழைப்பை எதிர்பார்த்திருக்கும் வீட்டின் பசி இலவசமாகாது. நிந்தவூர் விவசாயியின் மகளுக்கோ, 'இன்னும் எத்தனை வருடம்?' என்னும் உறவினர் கேள்வியே படிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடக்கூடும்.

வைத்தியன் உடலை மட்டுமன்றி மனிதனையும் அறியவேண்டும் என்பது மெய்யே. வரலாறும் இலக்கியமும் சமூகவியலும் அவனுக்கு வேண்டும். ஆனால் அவற்றை மருத்துவ வாயிலில் அறவிடும் சுங்கமாக்குவானேன்? பாடசாலையிலே விதைத்து, மருத்துவப் பாடத்திட்டத்துள்ளேயே வளர்க்கலாம். பட்டம் பெற்றபின் மருத்துவம் நாடுவோர்க்குத் தனிவழியும் அமைக்கலாம். எல்லோரையும் அவ்வழியே செலுத்துவதுதான் தவறு.

ஆசிரியர்களே, மாணவர்களே! தரம் வேண்டும் என்போருடன் நமக்குப் பிணக்கில்லை. அத்தரத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே நமது கேள்வி. வன்னியின் நோயாளிக்காகத் திறந்த கதவை, அந்நோயாளியின் பிள்ளைக்கு அடைத்தல் நியாயமாகாது.