அக்கரைக் கிரேன்கள்

பொந்தியான் மாவட்டத்தின் தெற்கே, பூலாய் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனால் அக்கரையில் வரிசையாகக் கிரேன்கள் தெரியும். அது தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம். 2000-இல் முறைப்படி திறந்தார்கள். அதே ஆண்டு மெர்ஸ்க் நிறுவனம் தன் சரக்கு மாற்றும் வேலையைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே கொண்டுவந்தது. 2021-இல், இருபதடிக் கணக்கில், 1.1 கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் இங்கே கைமாறின.

துறைமுகம் வந்தா ஊருக்கு வேலை வரும்னு சொல்வாங்க. வரும்தான். யாருக்கு வரும்?

நமக்கும் துறைமுகத்துக்கும் உறவு பழசு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித்தான் நம்ம ஆளுங்க மலாயாத் தோட்டங்களுக்கு வந்தாங்க. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை இந்தக் கூலிப் பயணம் நடந்தது. அந்தத் துறைமுகங்கள் அவர்களை ஏற்றி அனுப்பினவே தவிர, அங்கேயே பிழைக்க ஒரு தொழிலைத் தரவில்லை. இங்கே கற்றது பால்மரம் சீவ. அக்கரையில் கிரேன்கள் எழுந்தபோது அந்தக் கைத்திறனுக்கு அங்கே இடமில்லை.

இப்போது உலகமெங்கும் கடல் காற்றாலையைக் காட்டித் துறைமுகங்களுக்கு அதே நம்பிக்கை தரப்படுகிறது. பொந்தியான் கடலில் அது சரிவராது; சுமத்ரா மறைப்பதால் மலாக்கா நீரிணையில் காற்று மந்தம். ஆனால் தூத்துக்குடிக்கு வாய்ப்பு உண்டு. 2024 ஜூனில் இந்திய அமைச்சரவை தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 7,453 கோடி ரூபாய். அதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த.

துறைமுகத்துக்கு ஏன் இவ்வளவு பணம்? இன்றைய பெரிய காற்றாலைகளின் இறக்கை ஒன்றே 100 மீட்டரைத் தாண்டும். சாலை வளைவில் அதைத் திருப்ப முடியாது. கரையிலேயே அடுக்கி, பொருத்தி, கப்பலேற்ற வேண்டும். நிறுவிய பிறகும் இருபது, இருபத்தைந்து வருஷம் பழுதுபார்க்கும் படகுகள் அங்கிருந்துதான் போய்வரும். நிலைக்கிற வேலை அதுதான்.

டென்மார்க்கின் எஸ்பியர் 1868-இல் தொடங்கிய துறைமுகம். ஒரு காலத்தில் மீன், 1970-களில் எண்ணெய், 2002-இல் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைகள். கடலில் ஏறி இறங்கி இரும்போடு மல்லுக்கட்டிய அனுபவம் அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது. எண்ணெய்க்குப் பழகியது காற்றுக்கும் உதவியது.

தூத்துக்குடியில் மீனவர்களுக்குக் கடல் தெரியும். உப்பளத்தில் நிற்பவர்களுக்கு வெயில் தெரியும். உயரத்தில் ஏறவும், வெல்டிங், மின்பணி செய்யவும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். அது ஒரு மாசத்தில் கிடைக்காது. காற்றாலை நிற்பதற்குள் பயிற்சிக்கூடம் வரவில்லை என்றால், வேலை வெளியூர்க்காரர்களுக்குப் போகும்.

துறைமுகத்துக்கு 600 கோடி சரி, பயிற்சிக்கு எவ்வளவு? தூத்துக்குடிக்காரங்க இப்பவே கேட்க வேண்டிய கேள்வி இது. பூலாய் ஆற்றங்கரையில் நாங்க தொண்ணூறுகளிலேயே கேட்டிருக்க வேண்டியதும்.