கறவை மாடுகளின் பரம்பரைக் கண் குறைபாடுகள்

தாய், தந்தை வழியாகக் கன்றுக்கு வந்து கண்ணின் அமைப்பையோ பார்வையையோ கெடுக்கும் குறைபாடுகள். பதுளை, ஹாலிஎல, தெமோதரை முதலிய ஊவாத் தோட்டப்புறங்களில் லயத்துக் கொட்டில்களில் நிற்கும் பசுக்களில் பல ஜேர்சி, பிரீசியன், அயர்சயர் கலப்புகள். இக்குறைபாடுகளுள் முக்கியமானவை விவரிக்கப்பட்டதும் இந்த இனங்களிலேயே.

வகைகள்

பிறவிக் கண்புரை: கன்று பிறக்கும்போதே வில்லை வெளுத்திருக்கும். இருட்டுக் கொட்டிலில் டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்மணியின் நடுவே வெண்மை தெரியும். கன்று மடியைத் தேடித் தடுமாறும், தொட்டியில் முட்டும். டெட்லெஃப்சன், யாப் ஆகியோர் 1920இல் அமெரிக்காவில் ஹொல்ஸ்டைன் பிரீசியன் மாடுகளில் இது பரம்பரையாக வருவதை எழுதினர். 2017இல் அதே இனத்தில் சிபிஏஎம்டி8 என்னும் பரம்பரையலகின் விகாரம் ஒன்று இதனுடன் தொடர்புபடுத்தப்பட்டது.

பல்குறைபாடு: 1951இல் சோண்டர்ஸ், ஃபின்ச்சர் ஆகியோர் ஜேர்சிக் கலப்புக் கன்றுகளில் விவரித்தது. கதிராளி இராது, வில்லை சிறுத்து, இடம் விலகி, புரையோடியிருக்கும்.

மாறுகண்: இரு விழிகளும் மூக்குப் பக்கம் திரும்பிப் பிதுங்கும், வெளிப்புறத்தில் வெள்ளைவிழி அதிகமாகத் தெரியும். ஜேர்சியில் 1944இலும், பிரித்தானிய ஷோர்ட்ஹோர்ன் இனத்தில் 1957இலும் பதிவாயிற்று. கன்றுப் பருவத்தில் கண் நன்றாகவே இருக்கும், குறை பின்னர்தான் வெளிப்படும். ஆகவே குறையுள்ள காளை அதற்குள் பல பசுக்களைச் சினைப்படுத்திவிடக்கூடும்.

ஆடும் விழி: விழிகள் ஓயாமல் சிறிதாக ஆடும். பிரீசியன், ஜேர்சி, அயர்சயர் மாடுகளில் காணப்படுவது; பார்வையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

விழித்திரை நலிவு: பார்வை மெல்ல மங்கும். ஐரோப்பிய இனங்கள் பலவற்றில் ஆர்பி1 பரம்பரையலகின் விகாரம் இதற்குக் காரணமாவது 2016இல் வெளியாயிற்று.

கடத்தப்படும் முறை

இவற்றுட் பல பின்னடைவான இயல்புகள். குறையைச் சுமக்கும் காளையும் பசுவும் கண் தெளிவாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்குக் குறை வர வாய்ப்புண்டு. சுமக்கும் காளையின் பெண் கன்றுகளில் பாதி அதைச் சுமக்கும். அதே காளையை மகளுக்கும் விட்டால், குறையற்ற தாயின் மகளாயினும், எட்டில் ஒரு கன்றுக்கு வாய்ப்பு. தோட்டத்தில் ஒரே காளையைப் பல ஆண்டு வைத்திருக்கும் வழக்கம் இதனால் ஆபத்தானது.

எல்லாக் கண் குறையும் பரம்பரையன்று. சினைக்காலத்தில் தாய்க்கு நெடுநாள் பச்சைப்புல் கிடைக்காமல் விற்றமின் ஏ குறைந்தாலும், மாட்டு வைரஸ் வயிற்றோட்டம் தொற்றினாலும் கன்று குருடாகப் பிறக்கலாம். வளர்ந்த மாட்டின் கண்ணில் பூ விழுவது பெரும்பாலும் தொற்று அல்லது காயத்தால். ஆயினும் ஒரே காளையின் கன்றுகளில் இரண்டுக்குப் பிறவிக் குறை கண்டால் முதலில் ஐயப்பட வேண்டியது காளையையே.

மலைநாட்டு வரலாறு

சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறியபோது ஆங்கிலேய டர்ஹம் மாடுகளைக் கொண்டுவந்தார். ஷோர்ட்ஹோர்னின் மற்றொரு பெயரே டர்ஹம். பின்னர் வந்த பிரீசியன், ஜேர்சி, அயர்சயர் இனங்கள் மலைநாட்டின் குளிருக்கு ஒத்துப்போய்ப் பாலைப் பெருக்கின. அவற்றின் மறைந்த குறைகளும் கூடவே வர இடமிருந்தது.

இன்றைய நிலை

கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் செயற்கைமுறைச் சினைப்படுத்தலை நடத்துகிறது. விந்துக் குழாயிலுள்ள காளை இலக்கத்தை வீட்டிலும் குறித்துவைத்து, குறையோடு கன்று பிறந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுவதே தக்க காப்பு.