வாய் திறக்காதவனுக்கும் மரணம்: 'த வயர்' இரண்டாம் பருவம்

எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2003ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'த வயர்' தொடரின் இரண்டாம் பருவம் 12 அங்கங்களைக் கொண்டது. அமெரிக்காவின் பல்டிமோர் நகரில் போதைப்பொருள் கும்பலையும் அதை ஒட்டுக்கேட்கும் பொலிஸாரையும் தொடர்ந்த கதை, இதில் துறைமுகத்துக்கும் விரிகிறது. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன், 'பல்டிமோர் சன்' பத்திரிகையில் பொலிஸ் செய்திகள் எழுதிய நிருபர். (கதையின் முடிவும் இங்கே சொல்லப்படுகிறது.)

டி'ஏஞ்சலோ, கும்பல் தலைவன் ஏவன் பார்க்ஸ்டேலின் மருமகன். முதற் பருவத்தில் பொலிஸாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முன்வந்தவனைத் தாய் வந்து தடுத்தாள். குடும்பத்துக்காக 20 வருடச் சிறையை ஏற்றுக்கொண்டான். ஆறாம் அங்கத்தில், சிறை நூலகத்தில் அவன் கழுத்து நெரிக்கப்படுகிறது, தற்கொலையாகக் காட்டப்படுகிறது. ஆளை ஏவியவன் ஸ்ட்ரிங்கர் பெல், ஏவனுக்கு அடுத்த நிலையில் இருப்பவன். மாமனுக்கே அது தெரியாது. டி'ஏஞ்சலோ எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கக்கூடும் என்ற சந்தேகமே போதுமாயிருந்தது.

துறைமுகத் தொழிற்சங்கத்தின் பொருளாளர் பிராங்க் சொபொட்காவின் கதை இதைவிடச் சிக்கலானது. கப்பல்களின் வரவு குறைந்து, அவருடைய ஆட்களுக்கு வேலை இல்லை. கடத்தல்காரர்களுக்காகக் கொள்கலன்களைக் கணக்கில் இருந்து மறைக்கிறார். கிடைக்கும் காசை, கால்வாயை ஆழப்படுத்தவும் தானிய இறங்குதுறையை மீளத் திறக்கவும் அரசியல்வாதிகளைப் பிடிக்கச் செலவிடுகிறார். அப்படியான ஒரு கொள்கலனில் 13 பெண்களின் சடலங்கள் கிடைக்கின்றன. தன் ஆட்கள் மீதான விசுவாசத்தில் அதற்குள் இருப்பது என்னவென்று கேட்காமல் விட்டவர் அவர். தொடர் அவரைத் தியாகியாக்கவில்லை. அதுவே இப்பருவத்தின் பலம் என்பேன்.

மகன் கொலைவழக்கில் சிக்கியதும் பொலிஸாருடன் ஒத்துழைக்க இணங்குகிறார். அந்தத் தகவலைக் கடத்தல் தலைவனான 'கிரேக்கனுக்கு'க் கொடுப்பது, வாஷிங்டனில் பயங்கரவாதத் தடுப்பில் இருக்கும் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர். கிரேக்கன் அவருக்குத் துப்புத் தருபவன். அவருக்கு அது ஒரு கொடுக்கல் வாங்கல், அவ்வளவே. சொபொட்கா பாலத்தடியில் பேசப் போகிறார். மறுநாள் அவரது சடலம் நீரில் இருந்து எடுக்கப்படுகிறது.

கிரேக்கன் தப்பிவிடுகிறான். இறங்குதுறை நின்ற இடத்தில் சொகுசு வீடுகள் வருகின்றன. சங்கத் தேர்தலில் தொழிலாளர்கள் இறந்துபோன சொபொட்காவின் சுவரொட்டியையே ஒட்டி அவருக்கே வாக்களிக்க, அதிகாரிகள் சங்கக் கட்டடத்தைப் பூட்டுகிறார்கள்.