பாகூர் நாடு

பாகூரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய நாட்டுப்பிரிவு. சாசனங்களில் ‘வாகூர் நாடு’ எனப்படும். தெற்கே தென்பெண்ணை, கிழக்கே வங்கக் கடல். ஆற்று வண்டலும் பாகூர் ஏரியும் இதை நெல் விளையும் பூமியாக்கின. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரியே. கடலூர்ச் சாலையிலுள்ள பிள்ளையார்குப்பம் இன்றைய பாகூர்க் கொம்யூனை (பிரெஞ்சுக் கால உள்ளாட்சிப் பிரிவு) சேர்ந்தது.

தொல்குடிகளைப் பற்றிய சான்றுகள் வடக்கே சுத்துக்கேணியின் ஈமக்காடுகளிலும் அரிக்கமேட்டிலுமே மிகுதி. கிரேக்க மொழியிலமைந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல் சுட்டும் ‘பொதுகே’ துறைமுகம் அரிக்கமேடே என்பது பெரும்பான்மைக் கருத்து. 1945-இல் அங்கு அகழ்ந்த தொல்லியலாளர் வீலர் அதை உரோம வணிகத்தால் எழுந்த நிலையமாகக் கண்டார். 1989–92-இல் ஆய்ந்த விமலா பெக்லி, அதற்கு முன்பே உள்ளூர்க் குடியிருப்பு இருந்ததென்றார்.

ஆட்சி முறை தெளிவாகத் தெரிவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பல்லவன் நிருபதுங்கனின் 8-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு வடமொழியும் தமிழும் கலந்தது. வேசாலிப் பேரரையன் விண்ணப்பிக்க, சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாஸ்தானத்துக்கு வித்தியாபோகமாக (கல்விக்கான மானியமாக) விடப்பட்டன. அரசாணை நேரே நாட்டாருக்கே வந்தது. அவர்கள் அதைத் தொழுது தலைமேல் வைத்து, எல்லையை நடந்து பார்த்து, கல்லும் கள்ளியும் நட்டு, பின் அறையோலை (எல்லை குறித்த ஆவணம்) எழுதித் தந்தனர். வேலிக்கு நடப்படும் கள்ளி அரசு ஆவணத்தில் கல்லோடு சமமாய் நிற்பது கவனிக்கத்தக்கது. அரசன் கொடுத்தாலும் எல்லையறிந்தவர் நாட்டார்தாம். வித்தியாஸ்தானம் ஒரு கல்லூரி என்பாரும், கற்றோர் குடியிருப்பு என்பாரும் உளர்.

10-ஆம் நூற்றாண்டில் சோழரும், சில காலம் இராட்டிரகூடக் கன்னரதேவனும் இங்கு ஆண்டனர். பாகூர் மூலநாதர் கோயிற் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையின் நடவடிக்கைகளும் ஏரிப் பராமரிப்பும் இடம்பெறுகின்றன. ஆட்சிகள் மாறியும் சபை தொடர்ந்தது.

அடுத்த நூற்றாண்டுகளைப் பற்றிய செய்திகள் குறைவு. 1749-இல் சந்தா சாகிப் வழியே பாகூர் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1752-இல் பாகூர்ப் போரில் லாரன்சின் ஆங்கிலப் படை அவர்களை வென்றது. பிரெஞ்சு ஆட்சியின் முடிவாக, 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்திய இணைப்பை ஆதரித்தனர். சட்டப்படியான மாற்றம் 1962-இல் நிறைவேறியது. கொம்யூன் அமைப்பு இன்றும் உள்ளது. 1968-க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது.